சகோதரரின் காணிப் பங்கை வாங்கும்போது வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவின் காணியைப் பிள்ளைகளில் ஒருவரே வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பது என்று முடிவானதும் பேச்சு நேராக விலைக்குப் போய்விடுகிறது. ஏக்கர் என்ன விலை, கிணறு யார் செலவில் வெட்டியது என்று இரவிரவாகப் பேசுவார்கள். காணி எந்த வகை என்று ஒருவரும் கேட்பதில்லை. இலங்கையின் வன்னியில் முதல் தவறு அதுதான்.

இங்கே குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணி ஏராளம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணியும் (அரசின் அனுமதிப் பத்திரத்தில் கிடைத்தது) அளிப்புப் பத்திரக் காணியும் உறுதிக் காணி (உறுதி எழுதி வாங்கிய தனியார் காணி) போலப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்காகப் பிரிவதில்லை. உரித்தாளர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்கு ஆயுட்கால உரிமை. அதன்பின் பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்கு. அப்படி ஒருவர் இல்லையென்றால் சட்டத்திலுள்ள வரிசைப்படி செல்லும். ஆகவே மூன்று சகோதரர்களுக்கு ‘பங்குப் பணம்’ கொடுப்பவர் பல வேளைகளில் இல்லாத பங்கையே வாங்குகிறார். மன நிறைவுக்காகக் கொடுப்பதென்றால் கொடுக்கலாம், அது வேறு விஷயம். பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் செய்யும் கைமாற்றம் செல்லாது. முதலில் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய், கோப்பில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

உறுதிக் காணியில் சிக்கல் வேறு. அப்பா திருமணத்துக்குப் பிறகு தன் உழைப்பில் எட்டு ஏக்கர் வாங்கினார், உயில் எழுதாமல் இறந்தார், பிள்ளைகள் நால்வர், அம்மா உயிரோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில் அது தேடியதேட்டம், அதாவது மணவாழ்க்கையில் தேடிய சொத்து. பாதி, அதாவது நாலு ஏக்கர், அம்மாவுக்கு. மீதி நாலுதான் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஒன்று. மூத்தவர் தம்பி தங்கைகள் மூவரின் பங்கையும் வாங்கி முழுக் காணியும் தனதென்று வேலி போடுகிறார். கையில் இருப்பதோ நாலு ஏக்கர். அம்மா தன் பாதியை நாளை கடைக்குட்டிக்கு நன்கொடை எழுதினால் யாரும் தடுக்க முடியாது. அம்மாவிடம் கையெழுத்துக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள், பிறகு கடைக்குட்டியோடு நீதிமன்றத்தில் நிற்பார்கள்.

தங்கையின் பங்கை வாங்கும்போது அவருடைய கணவரை மறந்துவிடுகிறார்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இந்தக் காலத்திலும் இப்படியா என்று கோபம் வரலாம். நியாயமான கோபம்தான். ஆனால் சட்டம் இருக்கும்வரை மச்சானின் கையெழுத்தையும் உறுதியில் வாங்குங்கள்.

‘பத்து வருடமாக நான்தான் விதைக்கிறேன், இனி எல்லாம் எனக்கே’ என்ற வாதம் எடுபடாது. கூட்டுரிமையாளர் ஒருவர் காணியை வைத்து அனுபவிக்கும் ஆட்சி எல்லோருக்குமான ஆட்சியாகவே கொள்ளப்படும். மற்றவர்களை வெளிப்படையாக விலக்கிய செயல் இருந்தாலொழிய நீண்டகால ஆட்சியால் உரிமை கோருவதற்கான ஆட்சிக்காலம் ஓடாது. போரால் காணியை விட்டுப் போனவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் சிறப்புச் சட்டமும் பாதுகாப்புக் கொடுத்தது.

வன்னியில் காணாமற்போன ஒருவர் இல்லாத குடும்பம் குறைவு. ‘அண்ணன் இல்லைத்தானே’ என்று அவர் பங்கை மற்றவர்கள் தங்களுக்குள் பிரித்து விற்பது சட்டத்திலும் தவறு, அண்ணியின் மனத்திலும் ஆறாத காயம். காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ் மட்டும் அந்தப் பங்கைப் பிறருக்கு மாற்றிவிடாது. சட்டத்தரணியோடு பேசும் முன் அந்தப் பங்கைத் தொடாதீர்கள்.

கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் வரமுடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் (தங்களுக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். காணியின் எல்லைகளும் விற்கும் அதிகாரமும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இங்கே பதியவும் வேண்டும். தொலைபேசியில் சொன்ன ‘நீயே எடுத்துக்கொள்’ எந்தப் பதிவகத்திலும் ஏறாது. வாங்குபவரே வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு தடை உண்டு: இலங்கைக் குடியுரிமை இல்லாதவர் 2014ஆம் ஆண்டின் சட்டப்படி பொதுவாகக் காணியை விலைக்கு வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி, கிராம அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்ட ரசீதை உறுதி என்று நம்பாதீர்கள். காணி விற்பனைக்கு நொத்தாரிசும் (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். பணத்தை வங்கி வழியாக, கையெழுத்திடும் அன்றே கொடுங்கள். உறுதி எழுதியதும் காணிப் பதிவகத்தில் பதிவு செய்துவிடுங்கள். விற்றவர் அதே பங்கை இன்னொருவர் பெயருக்கும் எழுதி, அந்த இன்னொருவர் முந்திப் பதிந்துவிட்டால் உங்கள் உறுதி பின்தள்ளப்படலாம்.