ஆராய்ச்சிக் குழுவுக்கு சேர் ஆகிட்டீங்களா? மொதல்ல ரிவ்யூவர் லிஸ்ட்ட எடுங்க

போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணான், "அக்கா, நம்ம மேனேஜ்மென்ட் ஆராய்ச்சிக் குழுவுக்கு என்னைய சேர், அதான் தலைவர், ஆக்கிட்டாங்க, மொதல்ல என்ன பண்ணட்டும்"னு. வாழ்த்து சொல்லிட்டு, ரிவ்யூவர் லிஸ்ட் கையில இருக்கான்னு கேட்டேன். அப்படின்னா என்னக்கான்னான். மாநாட்டுக்கு வர்ற ஆராய்ச்சிப் பேப்பர படிச்சு, எடுக்கலாமா வேணாமான்னு சொல்றவங்கதான் ரிவ்யூவர். அதான் உக்காந்து எழுதுறேன். நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல, மொரீஷியஸ்ல மோக்காங்கற ஊர்ல இருந்துகிட்டு டர்பன், நைரோபி, சென்னை, ரியூனியன்னு சிதறிக் கிடக்குற வாத்தியார்களோட ஒரு சின்னக் குழுவ சில வருஷம் இழுத்தேன், அவ்ளோதான். (சேர் ஆகிட்டேன்னு அத்தைகிட்ட சொன்னப்ப, "நாற்காலி வாங்கினதுக்கா இவ்ளோ சந்தோஷம்"னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தா அந்த ஒரு வருஷம் முழுக்க உக்காரவே இல்ல.)

ஒரே வருஷத்துல தலைவர் ஆகாதீங்க. இந்த விஷயத்துல பெரிய சங்கங்கள பாத்து கத்துக்கலாம். அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட்டுன்னு 1936ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச சங்கம் இருக்குல்ல, அதுல இன்டர்நேஷனல் மேனேஜ்மென்ட்டுக்குன்னு தனி டிவிஷன் உண்டு. அங்க தலைமைக்கு வர்றவங்க அஞ்சு வருஷம் படி ஏறணும்: மொத வருஷம் வொர்க்‌ஷாப் பாத்துக்கணும், அடுத்த வருஷம் மெயின் ப்ரோக்ராம், அப்புறம் சேர் எலெக்ட், அதாவது அடுத்த வருஷ சேர், நாலாவது வருஷந்தான் சேர், அஞ்சாவது வருஷம் பழைய சேரா இருந்து அடுத்தவங்களுக்கு வழி காட்டணும். கேக்க நீளமா இருக்கும், ஆனா சேர் சீட்டுல உக்காரும்போது எங்க எது ஓட்டைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முப்பது பேர் இருக்குற குழுவுக்கு அஞ்சு வருஷம் ஜாஸ்திதான், மூணு வருஷமாவது வைங்க.

இப்ப ரிவ்யூ கணக்கு. மாநாட்டுக்கு 120 பேப்பர் வருதுன்னு வைங்க. ஒரு பேப்பருக்கு மூணு பேர் படிக்கணும்னா 360 ரிவ்யூ. ஒருத்தருக்கு அஞ்சுக்கு மேல குடுத்தா ரெண்டு வரி எழுதி கைகழுவிடுவாங்க, அதனால 72 பேர் வேணும். அதுலயும் கடைசி வாரத்துல "சாரி, எக்ஸாம் பேப்பர் திருத்துறேன்"னு பத்து பதினஞ்சு பேர் காணாம போவாங்க, அது எந்த நாட்டுலயும் மாறாது, ஆக 90 பேர் இல்லாம, பேப்பர் அனுப்புங்கன்னு அறிவிப்பே போடாதீங்க. பேப்பர் அனுப்புறவங்க எல்லாரும் ரிவ்யூவும் பண்ணணும்னு ரூல் வைங்க, மொத வருஷம் முணுமுணுப்பாங்க, ரெண்டாவது வருஷம் பழகிடும். நல்லா ரிவ்யூ எழுதினவங்களுக்கு மேடையில பேர் சொல்லி ஒரு சர்டிபிகேட் குடுங்க, பேப்பருக்கு அவார்ட் குடுக்குறத விட இதுக்குத்தான் என் ஓட்டு.

யாருக்கு எந்தப் பேப்பர்ங்கறதுலதான் தலைமையோட புத்தியே தெரியும். எங்க ஊர் கதையையே சொல்றேன். இந்தியாவுக்கு வர்ற அந்நிய முதலீட்டுக் கணக்குல ரொம்ப வருஷம் மொரீஷியஸ்தான் முதலிடத்துல இருந்துச்சு. பன்னெண்டு பதிமூணு லட்சம் பேர் இருக்குற தீவுக்கு அவ்ளோ பணம் ஏது? 1982ல இந்தியாவோட போட்ட வரி ஒப்பந்தம், எங்க வழியா போட்ட பணத்தோட பங்கு லாபத்துக்கு இந்தியா வரி போட முடியாது, அதனால மத்த நாட்டுப் பணமும், இந்தியாவுல இருந்தே கிளம்பின பணமும் கூட, எங்க வழியா சுத்திகிட்டு உள்ள போச்சு. 2016ல ஒப்பந்தத்த திருத்தினாங்க, 2017 ஏப்ரல்ல இருந்து வாங்குற பங்குகள வித்து வர்ற லாபத்துக்கு இந்தியா வரி போடலாம்னு ஆச்சு. இது தெரியாத ஒருத்தர் "மொரீஷியஸ் கம்பெனிகளின் முதலீட்டு மனப்பான்மை"ன்னு பேப்பர் எழுதினா, டேபிள் எல்லாம் பளபளன்னு இருக்கும், ரிவ்யூவருக்கும் தெரியலன்னா அப்படியே பாஸ் ஆகிடும். கலாச்சார ஸ்கோர் கதையும் இதேதான். நாட்டுக்கு நாடு கலாச்சாரத்துக்கு மார்க் போட்ட ஆராய்ச்சியாளர் ஹாஃப்ஸ்டீடோட பழைய கணக்குல எத்தியோப்பியா, கென்யா, டான்சானியா, ஜாம்பியா நாலும் சேந்து "கிழக்கு ஆப்பிரிக்கா"ன்னு ஒரே வரி. அந்த வரிய எடுத்து கென்யாக் கம்பெனி மேனேஜருக்கு ஒட்டுறவங்க இன்னும் இருக்காங்க. அதனால மூணு ரிவ்யூவர்ல ஒருத்தர் மெத்தட் தெரிஞ்சவர், ஒருத்தர் தியரி தெரிஞ்சவர், ஒருத்தர் அந்த ஊர் மண்ணு தெரிஞ்சவர்னு பிரிங்க. மூணாவது ஆள் கிடைக்க கஷ்டம், அதுக்காக விட்டுடாதீங்க.

எழுதினவர் யாருன்னு ரிவ்யூவருக்கும், ரிவ்யூவர் யாருன்னு எழுதினவருக்கும் தெரியக்கூடாது, அதுக்குப் பேர் டபுள் பிளைண்ட். அதுல நான் பட்டது ஒண்ணு. பேப்பர்ல பேர் இல்லன்னு பாத்துட்டு அனுப்பிட்டேன், வேர்ட் ஃபைலோட ப்ராப்பர்டீஸ்ல எழுதினவர் பேர் முழுசா உக்காந்திருந்துச்சு. ரிவ்யூவரே சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கு முழுக்க சோறு இறங்கல. அன்னிலேர்ந்து எல்லா ஃபைலையும் பேர் சுத்தம் பண்ணி பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்புறேன்.

மீட்டிங் டைம்ல எங்க தீவுக்கு ஒரு லக் உண்டு. இங்க மத்தியானம் 12 மணின்னா டர்பன்ல 10, நைரோபில 11, சென்னைல ஒன்றரை, சிங்கப்பூர்ல 4. எல்லாரும் முழிச்சிருப்பாங்க. அமெரிக்காக்காரங்கள சேக்கணும்னா இங்க சாயந்திரம் 6, நியூயார்க்ல காலை 9 இல்ல 10, ஆனா சிங்கப்பூர்காரங்களுக்கு ராத்திரி 10 ஆகிடும். எப்பவும் ஒரே ஆள தூக்கம் முழிக்க வைக்காம மாத்தி மாத்தி வைங்க, இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இதுக்காகவே சத்தமில்லாம விலகிப் போனவங்க இருக்காங்க.

மாநாடு இங்க நடத்துறதா இருந்தா ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் யோசிக்காதீங்க, சூறாவளி சீசன். 2024 ஜனவரியில பெலால் புயல்ல போர்ட் லூயிஸ் தெருவுல கார் மிதந்துச்சு. அதோட காவடி நேரத்துல பாதிப் பேர் விரதம். ஜூலை கடைசி, ஆகஸ்ட் வாக்குல அந்த அகாடமியோட வருஷ மாநாடு வரும், அதுகூட மோதாதீங்க. செப்டம்பர் அக்டோபர் நல்லது. அழைப்புக் கடுதாசிய மட்டும் சீக்கிரம் குடுங்க, விசா கிடைக்காம கடைசி நேரத்துல ஸ்லாட் காலியா கிடக்குறது ஆப்பிரிக்க ஆராய்ச்சியாளர்களுக்குப் புதுசு இல்ல. அவங்களுக்காக ஆன்லைன்ல பேச ஒரு வழி வைங்க, அதுக்காக ஃபீஸ் முழுசா புடுங்காதீங்க.

சாப்பாடு? ஏழு கறி வாழையிலையில போடுங்க, வேற எதுவும் யோசிக்க வேணாம்.

காசு விஷயம் கடைசியில சொல்றேன், ஆனா சேர் ஆன மொத வாரமே பாக்க வேண்டியது. எங்க பேங்க் அக்கவுண்ட்டுக்கு ரெண்டு கையெழுத்து வேணும். பொருளாளர் வெளிநாட்டுல வேலை கிடைச்சுப் போயிட்டார், கையெழுத்து மாத்தறத யாரும் நினைக்கல, மாநாட்டுக்கு மூணு நாள் முன்னாடி சமையல்காரர் அட்வான்ஸ் கேக்குறார், அக்கவுண்ட்ல காசு இருக்கு, எடுக்க முடியல. என் வீட்டுக்காரர் கார்டுல கட்டினேன், திரும்ப வர நாலு மாசம் ஆச்சு. இப்ப அந்தத் தம்பிகிட்ட பேசுறப்பல்லாம் பேங்க்ல கையெழுத்து மாத்துற ஃபார்ம் குடுத்துட்டியாடான்னுதான் கேக்குறேன், அவன் பேனர் டிசைன அனுப்பி எப்படி இருக்குன்னு கேக்குறான்.