பேக்கப் சர்வரில் பெர்மிஷன்: பூட்டு வாசலில் இருக்கட்டும்

ராத்திரி ஓடவேண்டிய பேக்கப் ஜாப் 'பெர்மிஷன் டினைட்' என்று நின்றுவிட்டால் பலருக்கும் கை தானாகப் போவது, எல்லா ஃபைலையும் எவரும் படிக்கவும் எழுதவும் இயக்கவும் விட்டுவிடும் 'சிஎச்மாட் -ஆர் 777' கட்டளையின் பக்கம்தான். ஜாப் ஓடிவிடும், சந்தேகமில்லை. ஆனால் அந்த சர்வரில் எல்லா மெஷின்களின் ஷேடோ ஃபைலும் (கடவுச்சொல் ஹாஷ்கள் இருப்பது), தொலைவிலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்எச் சாவிகளும், டேட்டாபேஸ் டம்ப்களும் (ஃபைலாக எடுத்த நகல்கள்) ஒரே இடத்தில் கிடக்கின்றன. சாதாரண லாகின் உள்ள எவரும் இனி அவற்றைப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம்.

அதோடு முடியவில்லை. பெர்மிஷனும் பேக்கப்பின் ஒரு பகுதி. 777 ஆன நகலை அப்படியே ரீஸ்டோர் செய்தால் எஸ்எஸ்எச் தனிச் சாவியை ஏற்காது. யாருக்கு ரூட் (நிர்வாகி) உரிமை என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைலை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தால், அந்த உரிமையைத் தரும் சூடோ வேலை செய்ய மறுக்கும்.

இதில் நானும் மாட்டியிருக்கிறேன். ஃபைல் நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க்கில், மாறாத ஃபைலை முந்தைய நகலோடு இணைத்துவிடும் 'லிங்க்-டெஸ்ட்' ஆப்ஷன் வைத்து தினசரி ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் பழைய ஃபைல் கேட்டாரென்று, கடைசி நாள் ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டும் என்று நினைத்து சிஎச்மாட் போட்டேன். மாறாத ஃபைல்கள் எல்லா நாளுக்கும் ஹார்டு லிங்க், அதாவது ஒரே ஃபைலுக்குப் பல பெயர்கள்; பெர்மிஷன் இருப்பதோ அந்தப் பெயர்கள் எல்லாம் சுட்டும் ஒரே ஐநோடில். ஆகவே பழைய நாள்களிலும் சேர்ந்தே மாறிவிட்டது. அன்றிரவு ஆர்சிங்க் ஒப்பிட்டுப் பார்த்தது: உள்ளடக்கம் ஒன்றுதான், பெர்மிஷன் வேறு. லிங்க் போடாமல் எல்லாவற்றையும் புதிதாக நகலெடுத்தது. காலையில் டிஸ்க்கில் இடமே இல்லை.

அன்றிலிருந்து உள்ளே கைவைப்பதில்லை. உச்சி டைரக்டரி ரூட்டின் பெயரில், 700; அதாவது வேறு யாருக்கும் எந்த உரிமையும் இல்லை. டைரக்டரியில் எக்ஸ் பிட் (உள்ளே நுழையும் உரிமை) இல்லாதவர், உள்ளே ஃபைல் 777 என்றே இருந்தாலும் அதைத் தொட முடியாது. யாராவது ஃபைல் கேட்டால் வேறு டைரக்டரிக்கு நகலெடுத்து, அங்கே 'சௌன்' செய்து ஓனரை மாற்றிக் கொடுக்கிறேன்.

ஓனர் விஷயம் இன்னும் சத்தமில்லாதது. ரூட்டாக ஓடாத ஆர்சிங்க்கால் பிறர் பெயரில் ஃபைலை வைக்க முடியாது. ஓனர், பெர்மிஷன் எல்லாவற்றையும் காக்கச் சொல்லும் '-ஏ' கொடுத்திருந்தாலும் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் எல்லாம் பேக்கப் பயனரின் பெயரில் விழும். 'ஃபேக்-சூப்பர்' கொடுத்தால் அசல் ஓனர் விவரம் ஃபைலோடு தனிக் குறிப்பாகச் சேமிக்கப்படும். ரீஸ்டோரின்போதும் பேக்கப் சர்வர் பக்கம் அதே ஆப்ஷன் வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம். ரூட்டாக ஓடினால் ஆர்சிங்க் பெயரைப் பார்த்துப் பொருத்தும். ஒரே பெயருக்குப் பயனர் எண் இங்கே 1001, அங்கே 1005 என்றிருந்தால் எண் மாறிப்போகும். எண்ணை அப்படியே வைக்கும் 'நியூமெரிக்-ஐடிஸ்' போட்டுவிடுங்கள். அப்போது ஓனர் எண் 1001 உள்ள ஃபைல், பேக்கப் சர்வரில் அதே எண் கொண்ட வேறொருவருக்குச் சொந்தமானதாகத் தெரியும். வாசல் பூட்டு இருப்பதால் அவரால் உள்ளே வர முடியாது.

ஃபைலை 400 (ஓனர் படிக்க மட்டும்) ஆக்கிவிட்டால் அழிக்க முடியாது என்பது இன்னொரு நம்பிக்கை. அழிப்பதற்கு வேண்டியது அந்த டைரக்டரியில் எழுதும் உரிமை. கிளையன்ட் (பேக்கப் எடுக்கப்படும் மெஷின்) தானே வந்து எழுதும் ஏற்பாடு என்றால், அந்தக் கிளையன்டைப் பிடித்தவன் தன் பழைய பேக்கப்பையும் துடைத்துவிடுவான். பழைய ஸ்னாப்ஷாட்கள் கிளையன்டின் கணக்கு எழுத முடியாத டைரக்டரியில் இருக்கவேண்டும்.

டம்ப் எடுக்கும் ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'யூமாஸ்க் 077' போடுங்கள்; புதிதாக உருவாகும் ஃபைல் ஓனருக்கு மட்டும் என்றாகும். 022 என்றால் டம்ப் 644 ஆக, அதாவது எவரும் படிக்கும்படி பிறக்கும். ரீஸ்டோரைச் சோதிக்கும்போது ரூட்டாக ஒரு வெற்று டைரக்டரியில் இறக்கி, ஓனரை எண்ணாகக் காட்டும் 'எல்எஸ் -எல்என்' போட்டு எண்களை அசலோடு ஒப்பிடுங்கள். பெயர்களைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்.