ஜோகன்னஸ்பர்க்கில் ஐஸ் ஹாக்கி: மே மாதத்தில் தொடங்குங்கள்

மிட்ராண்டிலோ சென்சூரியனிலோ வேலைக்கு வந்து, வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து மூச்சு விட்ட பிறகுதான் சனி ஞாயிறு எவ்வளவு நீளம் என்று தெரியும். எங்கள் வீட்டில் அதை நிரப்பியது ஐஸ் ஹாக்கி. இங்கே 'ஹாக்கி' என்று மட்டும் சொன்னால் தரையில் ஆடுவது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'ஐஸ்' சேர்த்தே கேளுங்கள்.

முதலில் ஒருமுறை ரிங்குக்கு, அதாவது ஸ்கேட்டிங் செய்யும் பனித்தளத்துக்குப் போங்கள். கெம்ப்டன் பார்க்கில் ஃபெஸ்டிவல் மாலில் ஒன்று இருக்கிறது. கேப் டவுன்காரர்களுக்கு கிராண்ட்வெஸ்ட் வளாகத்து ரிங்க். 2018 ஏப்ரலில் உலகச் சாம்பியன்ஷிப்பின் மூன்றாம் டிவிஷன் ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன. வெளியே வெயில் கொளுத்தினாலும் ஸ்வெட்டர், தடித்த சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேட் கயிற்றைக் கணுக்காலில் நன்றாக இறுக்கிக் கட்டுங்கள், தளர்ந்தால் கால் உள்பக்கமாக மடங்கிவிடும். என் மகள் முதல் நாள் சுவரைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. 'பக்' கிடைத்தால் கையில் வாங்கிப் பாருங்கள்: 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமனில் கறுப்பு ரப்பர் வட்டு. துள்ளாமல் வழுக்கிப் போகவேண்டும் என்பதற்காக, பெரிய ஆட்டங்களில் அதை உறையவைத்துத்தான் களத்தில் இறக்குவார்கள்.

அப்புறம், பார்ப்பது. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக் அக்டோபரில் தொடங்கி ஜூனில் ஸ்டான்லி கோப்பையுடன் முடியும். அங்கே நியூயார்க்கில் மாலை 7 மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 2 மணி. மறுநாள் வேலை இருப்பவர்களுக்கு அது ஆகாது. அதனால்தான் மே மாதத்தைச் சொல்கிறேன். உலகச் சாம்பியன்ஷிப் அப்போதுதான். ஐரோப்பாவில் நடந்தால் பெரும்பாலும் நம் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் ஒன்று. ஸ்டாக்ஹோமில் இரவு 8 என்றால் இங்கும் 8. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் இளையோர் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம், பிப்ரவரியில் நான்கு நாடுகள் போட்டி, ஏப்ரலில் பெண்கள் உலகச் சாம்பியன்ஷிப், மே மாதம் ஆண்கள்: நான்கு இறுதியாட்டங்களும் கூடுதல் நேரத்தில்தான் முடிந்தன. முதல் கோல் போட்டவுடன் ஆட்டம் முடிந்துவிடும், அவ்வளவுதான். பாஸ்டனில் நடந்த நான்கு நாடுகள் இறுதியாட்டத்தில், கனடா வீரர் மெக்டேவிட் போட்ட கோலில் கனடா அமெரிக்காவை 3-2 என்று வென்றது. ஸ்டாக்ஹோமில் ஆண்கள் இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தை 1-0 என்று வென்ற அமெரிக்காவுக்கு, ஒலிம்பிக்குடன் சேராமல் தனியாக நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அது 1933க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம். சுவிஸ் கோல்கீப்பரை நினைத்து வீட்டில் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமலே உட்கார்ந்திருந்தோம்.

பிள்ளைகளுக்கு இளையோர் போட்டியைக் காட்டுங்கள். டிசம்பர் 26இல் தொடங்கும், இங்கே பள்ளிக்கு நீண்ட விடுமுறை. டொராண்டோ போன்ற கிழக்குக் கனடா நகரில் நடந்தால் அங்கத்து மதிய ஆட்டம் நமக்கு இரவு 7, 8 மணிக்கு வரும்.