இமை தொங்கினால் என்ன கேட்பது? வார்டுக்குப் புதியவர்களுக்குப் பொட்டுலிசம்

உணவில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சால் நரம்பு செயலிழப்பதுதான் பொட்டுலிசம். அரிய நோய். பல செவிலியர்கள் ஓய்வு பெறும்வரை ஒருவரைக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வரும் நாளில் தவறவிடக் கூடாது.

முதலில் முகத்தைப் பாருங்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயைத் தூக்கி உங்களைப் பார்க்கிறாரா? இரண்டு இமையும் தொங்குவதால் அந்த இடுக்கு வழியாகத்தான் பார்க்க முடிகிறது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். வாய் உலரும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. அப்புறம் தளர்ச்சி கழுத்து, தோள், கை, கால் என்று இரு பக்கமும் ஒன்றுபோல் கீழே இறங்கும். பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. நினைவு தெளிவாக இருக்கும். கண் மூடிக் கிடக்கிறாரே என்று தலைமாட்டில் நின்று கண்டதைப் பேசாதீர்கள். அவருக்கு எல்லாம் கேட்கிறது.

அடுத்து மூச்சு. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள். 20 வருமுன் நின்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம், அது தாமதமாகத்தான் இறங்கும். வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் இமை தொங்கினால் கட்டுவிரியன் கடியைத்தான் முதலில் நினைப்போம். அது சரியே, கடிவாய் தெரியாமலும் போகும். தரையில் படுத்தாரா என்று கேட்கும்போதே சாப்பாட்டையும் கேளுங்கள்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" மட்டும் போதாது. அறிகுறி பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் வரும், சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் வரும். காற்றுப் புகாமல் அடைத்த, புளிப்பில்லாத உணவு எதுவானாலும் சந்தேகியுங்கள்: வீட்டில் பாட்டிலில் அடைத்த பீன்ஸ், எண்ணெயில் மூழ்கிய பூண்டு, ஃபாயிலில் சுட்டு வெளியிலேயே வைத்த உருளைக்கிழங்கு. புளிப்பேறிய மாங்காய் ஊறுகாயில் இந்தக் கிருமி வளராது.

2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் லங்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்துக்குப் பின் 29 பேருக்கு நோய் வந்தது, ஒருவர் இறந்தார். காரணம் உருளைக்கிழங்கு சாலட். கிழங்கை வீட்டில் பாட்டிலில் அடைத்தவர் பிரஷர் கேனர் (பாட்டில்களை அழுத்தத்தில் சூடாக்கும் பாத்திரம்) இல்லாமல் கொதிநீரில் மட்டும் வேகவைத்திருந்தார். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது. கிருமியின் வித்து (ஸ்போர்) சாக அழுத்தத்தில் 121 டிகிரி வேண்டும்.

சந்தேகம் வந்ததும் நச்சுமுறி மருந்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். லேப் முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. வந்த தளர்ச்சியை அது திருப்பாது, மேலே பரவாமல் தடுக்கும். அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உடன் சாப்பிட்டவர்களையும் வரவழையுங்கள். வீட்டில் மிச்சம் இருந்தால் கொட்ட வேண்டாம், ருசி பார்க்கவும் வேண்டாம், மூடி எடுத்துவரச் சொல்லுங்கள். லங்காஸ்டரில் அந்த சாலட்டைக் காட்டிக்கொடுத்தது குப்பைத்தொட்டியில் கிடந்த மிச்சம்தான்.