மரபணு ரிப்போர்ட்டை வைத்து ஆய்வுக் கட்டுரை தேடுவது எப்படி?

நோயின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். உங்களுக்கானது எதுவென்று பிடிபடாது. மரபணு ரிப்போர்ட்டில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மரபணுவின் பெயர், அதிலுள்ள மாற்றத்தின் குறியீடு, அது அம்மா, அப்பாவிடமிருந்து வந்த இரண்டு காப்பிகளில் ஒன்றிலா இரண்டிலுமா, நோய்க்குக் காரணமா இல்லையா என்று லேப் போட்டிருக்கும் வகை. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இரண்டு காப்பியிலும் ஒரே மாற்றம் இருப்பது சகஜம். வகை 'வியூஎஸ்' (VUS) என்றிருந்தால், அதுதான் நோய்க்குக் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. அதை நம்பி எந்தப் பெரிய முடிவும் எடுக்கக் கூடாது. ஓரிரு ஆண்டு கழித்து லேபில் மறுபடி அலசச் சொல்லுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் குறியீடு. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயில் நம் நாட்டில் அதிகம் காணப்படும் மாற்றம் ரிப்போர்ட்டில் 'சி.92+5ஜி>சி' (c.92+5G>C) என்றிருக்கும். பழைய கட்டுரைகளில் அதற்கே 'ஐவிஎஸ் 1-5' (IVS 1-5) என்று பெயர். அந்த 1 சிலவற்றில் ரோமன் எண்ணாக இருக்கும். ஒரு பெயரை மட்டும் அடித்துவிட்டு ஆராய்ச்சியே இல்லை என்று மனம் உடைந்துவிடாதீர்கள். பழைய பெயரை ஜெனட்டிக் கவுன்சிலரிடம் கேட்டு, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் எல்லாப் பெயர்களையும் நடுவில் 'ஆர்' (OR) போட்டு இணைத்துத் தேடுங்கள். இடப்பக்கம் இலவச முழுக்கட்டுரைக்கான ஃபில்டர் இருக்கிறது. காசு கட்டினால்தான் திறக்கும் கட்டுரை என்றால், எழுதிய ஆய்வாளருக்கே மெயில் அனுப்பிக் கேட்கலாம்.

அதற்கெல்லாம் முன்னால் மரபணு நோய்களை ஒவ்வொன்றாக விளக்கும் ஜீன்ரிவ்யூஸ் தளத்தில் உங்கள் நோய்க்கான அத்தியாயம் இருந்தால் படித்துவிடுங்கள். இலவசம்தான்.

கட்டுரை கையில் வந்ததும் சுருக்கத்தோடு நிறுத்தாமல் நோயாளிகள் பட்டியலுக்குப் போங்கள். எலியா, மனிதரா? எத்தனை பேர்? என்ன வயது? எப்போது மருந்து தொடங்கினார்கள்? தசைகளைப் பலவீனமாக்கும் எஸ்எம்ஏ என்ற மரபணு நோயின் ஆய்வுகளில் அறிகுறி தெரியும் முன்பே மருந்து கிடைத்த குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆறு வயதில் நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். மருந்து கம்பெனி பணம் போட்டதா என்பது பெரும்பாலும் கட்டுரையின் கடைசியில் இருக்கும்.

மருந்துச் சோதனையில் சேரச் சொன்னால் இந்திய மருந்துச் சோதனைகளின் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் அந்தப் பதிவு கட்டாயம். சோதனை மருந்துக்குக் காசு கேட்டால் ஒதுங்குங்கள். 'ஸ்டெம் செல்' பெயரில் லட்சங்கள் கேட்பவர்களிடம் கூடுதல் கவனம்.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையின் கீழ் உயர்சிறப்பு மையம். அங்கே போனாலும் வேறெங்கே போனாலும் கட்டுரைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஓபி நெரிசலில் டாக்டரால் புரட்ட முடியாது. ஒரே தாளில் மாற்றத்தின் குறியீடு, பப்மெட்டில் கட்டுரைக்குக் கொடுத்திருக்கும் பிஎம்ஐடி (PMID) எண், இரண்டு கேள்விகள். ரிப்போர்ட்டின் ஜெராக்ஸைப் பின்னால் குத்திக் கொடுங்கள்.