‘ஜஹாஸி சாகிப்’ கதை: எழுதுகிறவர்கள் வழுக்கும் இடங்கள்

ஹரியாணாவின் ஹன்சி, ஹிசார் பக்கம் ஜார்ஜ் தாமஸ் என்ற பெயரைவிட அவருடைய ‘ஜஹாஸி சாகிப்’ (கப்பல்கார துரை) என்ற பெயர்தான் பிரபலம். அயர்லாந்தின் டிப்பரேரியில் பிறந்து, மாலுமியாக வந்து, 1780களின் தொடக்கத்தில் சென்னையில் கப்பலை விட்டு ஓடி, கடைசியில் ஹன்சியில் தனி அரசே நடத்தியவர். இப்படி ஒரு வாழ்க்கையைச் சுற்றிக் கதைகள் முளைக்கத்தான் செய்யும். எழுதும்போதுதான் கவனம் வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது தெற்கில். கப்பலை விட்டபின் அவர் சில ஆண்டுகள், அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழ்ப் பகுதியின் பாளையக்காரர்களிடம் இருந்தார். வரலாறு அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறது. உடனே கட்டபொம்மனோடு தோள் சேர்த்து நிற்கவைத்துவிடாதீர்கள். கட்டபொம்மன் பட்டத்துக்கு வந்தது 1790இல். அதற்கு முன்பே தாமஸ் வடக்கே போய் மீரட் அருகே சர்தனாவை ஆண்ட பேகம் சம்ருவிடம் சேர்ந்துவிட்டார்.

பேகம் என்றதும் காதல் கதை கட்டுகிறார்கள். அந்தப்புரப் பெண் ஒருவரைத் தாமஸுக்கு மணமுடித்து வைத்ததே பேகம்தான். இருவருக்கும் மனக்கசப்பு வந்து தாமஸ் விலகியது உண்மை. ஆனாலும் 1795இல் பேகத்தை அவருடைய படையே சிறைவைத்தபோது மீட்க உதவியவர் இவர். எனக்கு இந்த நன்றிக் கணக்கே காதலைவிட சுவாரசியமாகப் படுகிறது.

அப்புறம், பெயர். ஜஜ்ஜர் அருகே அவர் கட்டிய ஜார்ஜ்கர் கோட்டை ஊரார் வாயில் ஜஹாஸ்கர் ஆயிற்று. ‘ஜார்ஜ்’ திரிந்ததா, கப்பல்காரர் என்பதால் வந்ததா? இரண்டையும் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் எடுத்து முடிந்த முடிவாக எழுதுவது தவறு. ஹிசாரில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் ஜஹாஜ் கோத்தியில் அவர் குடியிருந்தார் என்பார்கள். சரி, குடியிருந்தார் என்றே எழுதுங்கள். அது நிற்கும் கோட்டை வளாகமோ அவர் கட்டியதல்ல, 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் எழுப்பியது.

ஹன்சியில் அவர் செய்ததற்கு மிகைப்படுத்தலே தேவையில்லை. பாழடைந்து கிடந்த ஊரின் மதிலை எழுப்பி, ஐந்தாறாயிரம் பேரைக் குடியேற்றி, சொந்தமாக ரூபாய் அச்சடித்து, பீரங்கி வார்த்தார். வெள்ளைக்காரர் என்பதற்காகக் கம்பெனி அதிகாரி என்று எழுதிவிடுகிறார்கள். அவர் கம்பெனிப் பணியிலேயே இருந்ததில்லை. பேகத்தை விட்டபின் மராட்டியத் தலைவர் அப்பா கண்டே ராவிடம் இருந்தார், பிறகு தன் கொடியைத் தானே ஏற்றினார்.

வீழ்த்தியதும் ஆங்கிலேயர் அல்ல. மராட்டியத் தலைவர் சிந்தியாவின் படையை நடத்திய பிரெஞ்சுக்காரர் பெரோன் அனுப்பிய துருப்புகள் 1801இல் ஜார்ஜ்கரை முற்றுகையிட்டன. அங்கிருந்து தப்பி ஹன்சிக்கு ஓடியும் பயனில்லை, சரணடைந்தார். பெரோன் தரப்பினர் அவரை ஆங்கிலேயர் பகுதிக்குப் போக விட்டுவிட்டார்கள். குடும்பத்தைப் பேகத்திடம் ஒப்படைத்துவிட்டு கல்கத்தா நோக்கிக் கிளம்பியவர், 1802 ஆகஸ்டில் வங்காளத்தின் பஹரம்பூரில் இறந்தார். அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான், கல்லறையை ஹன்சியில் தேட வேண்டாம்.