காலையில் மட்டும் அணைந்த சாண எரிவாயு அடுப்பு

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டுச் சாண எரிவாயு அடுப்பு பத்து நாளாகக் காலையில் மட்டும் விக்கி விக்கி எரிந்து அணைந்துவிடும், வெயில் ஏறினால் சரியாகிவிடும். சாணமும் தண்ணீரும் சமமாகத்தான் கரைக்கிறோம், வாயுப் பையும் உப்பித்தான் இருந்தது. பர்னரை ஊசியால் குத்தினேன். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன், ஒரு குமிழிகூட இல்லை.

"ஏல, தொழுவத்துப் பக்கம் குழாய்க்குள்ள களக் களக்னு கேக்குல்லா" என்றாள் அம்மா. போய்ப் பார்த்தால் முருங்கையில் கட்டிய கயிறு தளர்ந்து, வாயு வரும் ஹோஸ் தொட்டில் மாதிரி தொங்குகிறது. வாயுவில் உள்ள ஈரம் ராத்திரிக் குளிரில் தண்ணீராகி அந்தப் பள்ளத்தில் அடைத்திருக்கிறது. கழற்றிச் சரித்தேன், ஒரு டம்ளர் நாற்றத் தண்ணீர் கொட்டியது. அப்புறம் ஹோஸை ஒரே சரிவாக இழுத்துக் கட்டி, தாழ்ந்த இடத்தில் T வடிவ இணைப்பு ஒன்றும், தண்ணீரை வடிக்கத் திறந்து மூடும் சின்னக் குழாயும் போட்டேன். வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் போதும்.